வில்னியஸுக்கு வழி சொன்னவள்

லித்துவேனியா என்று ஒரு நாடு இருப்பது எனக்கு நாற்பத்து நான்காவது வயதில்தான் தெரிந்தது. அடுத்த ஒரு வருடத்துக்குள், அந்த நாட்டின் தலைநகரான வில்னியஸில் எந்த ஹோட்டல் லிஃப்டில் இரண்டு பெரிய பெட்டிகள் நுழையாது, எந்தத் தெருவின் கல்தரையில் பெட்டிச் சக்கரம் கழன்றுவிடும், எந்தச் சாப்பாட்டுக் கடையில் காளான் குழம்பு என்று சொல்லிவிட்டுப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவளாக ஆகிவிட்டேன். இதில் ஒரே ஒரு குறை. நான் வில்னியஸுக்குப் போனதில்லை. பெங்களூரை விட்டு நான் போன அதிகபட்சத் தூரம் மதுரை. அதுவும் ஒரு கல்யாணத்துக்கு, இரண்டு நாள்.

பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டி ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டிராவல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். வெளிநாடு போகிறவர்களுக்கு டிக்கெட் எடுப்பது, விசாவுக்குக் காகிதம் சேர்ப்பது, ஹோட்டல் பார்ப்பது. வீடு ஜோகுபாளையத்தில் என்பதால் ஆபீஸுக்கு நடந்தே போய்விடுவேன். "ஊரையெல்லாம் ஏரோப்ளேன்ல ஏத்தி அனுப்பறா, இவ மட்டும் நடராஜா சர்வீஸ்" என்பார் என் கணவர். அவர் ஒரு அபார்ட்மென்ட்டில் லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் எலெக்ட்ரீஷியன். என்னைக் கிண்டல் செய்வது அவருக்குச் சம்பளமில்லாத இன்னொரு வேலை.

எங்கள் கம்பெனிக்கு வில்னியஸில் ஒரு வாடிக்கையாளர் கிடைத்தபோதுதான் எல்லாம் தொடங்கியது. மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். எதையும் அவசரமாகச் சொல்லி நிதானமாக மறப்பவர். "மேடம், அந்த ஊர்ல நல்ல ஹோட்டலா ஒண்ணு பார்த்துருங்க. பக்கத்துலயே அவங்க பாரம்பரியச் சாப்பாடு கிடைக்கற ரெஸ்டாரன்டும் சொல்லி விட்ருங்க. கிளையன்ட் கேட்டா உங்கூர்ச் சாப்பாடு சாப்பிட்டோம்னு சொல்லோணும்ல" என்றார்.

முதலில் போனவர் கும்பகோணத்து எஞ்ஜினியர், சுத்த சைவம். அவருக்கு நான் ஹோட்டல் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. படத்தில் ஜன்னலுக்கு வெளியே சிவப்புப் பூத்தொட்டி இருந்தது. அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு, இணையத்தில் படித்துவிட்டு செபெலினாய் என்ற பண்டத்தைப் பரிந்துரைத்தேன். உருளைக்கிழங்கைத் துருவி, பிழிந்து, நீளமாகப் பிடித்துத் தண்ணீரில் வேகவைப்பார்களாம். "உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை. தைரியமாகச் சாப்பிடலாம்" என்று குறிப்பு எழுதிக் கொடுத்தேன். கொழுக்கட்டை என்றால் உள்ளே பூரணம் இருக்கும் என்பது, வருஷா வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்குப் பிடிக்கிற எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

மறுநாள் போன் வந்தது. "மேடம், பாதி சாப்பிட்டப்புறம்தான் உள்ள பாத்தேன். பன்னிக் கறியாம்."

"ஐயோ, சாரி சார், சாரி" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

 அவர் மெல்லிய குரலில், "நல்லாத்தான் இருந்தது மேடம். அதான் கஷ்டமா இருக்கு" என்றார்.

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். இனி படத்தைப் பார்த்து எதையும் சொல்லக் கூடாது. அந்த ஹோட்டலுக்கே எழுதிக் கேட்டேன். லிஃப்ட் இருக்கிறதா, அறையில் வெந்நீர் கெட்டில் உண்டா, பக்கத்தில் மாமிசம் கலக்காத உள்ளூர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று ஆறு கேள்விகள். அங்கே முன்பதிவு பார்க்கும் பெண்மணியிடமிருந்து எண் போட்டுப் பதில் வந்தது. லிஃப்ட் பற்றிய பதில்: "இருக்கிறது. நம்ப வேண்டாம்." கடைசியில் எண் போடாமல் ஒரு பத்தி: "உங்கள் விருந்தினர் காலையில் தயிர் கேட்டார், கொடுத்தோம். அதை ஊற்றிக்கொள்ளச் சோறும் கேட்டார். எங்கள் சமையல்காரர் காலை எட்டு மணிக்குச் சோறு வடித்தது இதுவே முதல் முறை. அவர் இப்போது நலமாக இருக்கிறார்."

யார் நலமாக இருக்கிறார், எஞ்ஜினியரா சமையல்காரரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எழுதியவளை எனக்குப் பிடித்துவிட்டது.

ஆறு வருடம் இப்படியே போனது. நான் கேட்பேன், அவள் சொல்வாள். பீட்ரூட்டும் மோரும் கலந்த ஜில்லென்ற பிங்க் சூப்பை எங்கே குடிக்கலாம், கறுப்பு ரொட்டியை எங்கே வாங்கினால் ஊர் வந்து சேரும்வரை கெடாது, எந்தப் பாரம்பரிய உணவகத்தில் தயிர்க்கட்டி அடைத்த செபெலினாய் கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குறிப்பேடு தயாரித்தேன். நான்கு பக்கத்தில் ஆரம்பித்து பதினோரு பக்கம் வரை வளர்ந்தது. வேலையை விட்டுப் போகிறவர்கள்கூட அதை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருமுறை வீடியோ மீட்டிங்கில் மேனேஜர் என்னைக் காட்டி, இவருக்கு உங்கள் ஊர் உங்களைவிட நன்றாகத் தெரியும் என்று அளந்துவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், "எங்கள் ஊரில் எந்தப் பகுதியில் குடியிருந்தீர்கள்?" என்று ஆவலாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நெட் கட்டானது. அன்றைக்குப் பெங்களூர் நெட்டை நான் திட்டவில்லை.

ஹோட்டலிலிருந்து எழுதுகிறவளும் நான் அந்த ஊரில் இருந்தவள் என்றுதான் நினைத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. போயிருக்கிறாயா என்று அவள் கேட்கவில்லை, போனதில்லை என்று நானும் சொல்லவில்லை.

போன வருடம் ஒரு நாள் அவளிடமிருந்து கடிதம். "உங்கள் ஊர்க்காரர்கள் ஆறு வருடமாக எங்கள் ஊரில் என்ன சாப்பிடுவது என்று கேட்கிறார்கள். அப்படி அவர்கள் ஊரில் என்னதான் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க வருகிறேன். பெங்களூரில் நான்கு நாள், பிறகு மைசூர். தங்குவதற்கு நல்ல இடம் சொல்லவும்." அதற்குக் கீழே பன்னிரண்டு கேள்விகள். ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கும்? காலையில் வண்டிச் சத்தம் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்? வெந்நீர் வர எத்தனை நிமிடம் ஆகும்? லிஃப்டை நம்பலாமா?

ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து ஜோகுபாளையத்தில் இருக்கிறவள் பெங்களூரில் எதற்காக ஹோட்டலில் தங்கப் போகிறாள்? கல்யாண மண்டபத்து ஹாலில் ஜமுக்காளத்தில் படுத்திருக்கிறேன். அதைப் பரிந்துரைக்க முடியாது.

கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் தோசைக் கரண்டியைக் கீழே வைக்க வேண்டியதாகிவிட்டது. "உலகத்துக்கே ஓட்டல் பாத்துக் குடுக்கிற, உள்ளூர்ல ஒண்ணு தெரியல. இன்னாம்மா இது!" பிறகு அவரே, "ஞாயித்துக்கிழமை கிளம்பு. போய்ப் பாத்துட்டு வருவோம். ரூம் காட்டுன்னா சும்மா காட்ட மாட்டான். பொண்ணுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டாருக்கு ரூம் வோணும்னு சொல்லிக்கலாம்" என்றார்.

எங்களுக்கு இருப்பது ஒரே மகன். அவன் கல்லூரியில் படிக்கிறான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்து, படிக்கவைத்து, கல்யாணம்வரை கொண்டுவந்துவிட்டார். அல்சூர் ஏரிப் பக்கத்து முதல் ஹோட்டலில் வரவேற்பில் இருந்தவர் கன்னடத்தில், "மதுவே யாவாக சார்?" என்று கல்யாணத் தேதியைக் கேட்டார். இவர் "முந்தின திங்களு" என்று அடுத்த மாதத்தைச் சொன்ன அதே நொடியில் நான் தை மாதம் என்றேன். வரவேற்பாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நிச்சயதார்த்தம் அடுத்த மாசம், கல்யாணம் தை" என்று இவர் கூசாமல் சமாளித்தார். அறை நன்றாகத்தான் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரிந்தது. ஏரியின் வாசனையும் சேர்ந்து உள்ளே வந்தது. மூடிவிட்டோம்.

இரண்டாவது, எம்.ஜி. ரோடு பக்கம் முழுக்கக் கண்ணாடியில் கட்டிய ஹோட்டல். அங்கே இவர் மாப்பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார். ஜன்னலைத் திறக்கவே முடியாது என்றார்கள். ஊரைப் பார்க்க வருகிறவளை ஐஸ்பெட்டிக்குள் வைப்பதா என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. படி இறங்கும்போது, "நல்ல சம்பந்தம், வுட்டுட்டோம்" என்று இவர் பெருமூச்சு விட்டார்.

மூன்றாவது ரிச்சர்ட்ஸ் டவுனில். பழைய பங்களா ஒன்றை, அதன் சொந்தக்காரம்மா ஆறு அறை கொண்ட விடுதியாக நடத்திவந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அறுபது வயது இருக்கும். கத்தரித்த தலைமுடி, கழுத்தில் சங்கிலியில் கண்ணாடி. இவர் கல்யாணக் கதையை ஆரம்பித்தார். அந்தம்மா கேட்டுக்கொண்டே அறையைத் திறந்துவிட்டார். நான் வழக்கம்போல் குழாயைத் திறந்து கையை நீட்டி வெந்நீர் வர நிமிடம் எண்ணினேன். கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிச் சத்தம் கேட்டேன். ஒரு குயில், தூரத்தில் ஒரு குக்கர்.

கண்ணைத் திறந்தபோது அந்தம்மா கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "பாரும்மா, கல்யாணத்துக்கு ரூம் பாக்குறவங்க எத்தனை பேர் படுக்கலாம்னுதான் கேப்பாங்க. யாரும் கண்ணை மூடிட்டு உக்கார மாட்டாங்க. ட்ரூத் சொல்லுங்க, நீங்க யாரு?"

உண்மையைச் சொன்னோம். பன்னிரண்டு கேள்விகளையும் போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். "ஷீ இஸ் மை கைண்ட் ஆஃப் உமன்" என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து பன்னிரண்டுக்கும் பதில் சொன்னார். லிஃப்ட் பற்றிய கேள்விக்கு மட்டும், "மாடியே இல்ல, நம்புறதுக்கு என்ன" என்றார். என் கணவர் அவமானத்தை மறைக்க வாசலில் இருந்த ஃப்யூஸ் பெட்டியைப் பார்த்து, எர்த் சரியில்லை என்று கண்டுபிடித்துச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தார்.

அவள் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்து இறங்கினாள். உயரமாக, பொன்னிற முடியோடு, மிடுக்காக ஒருத்தியை நான் ஆறு வருடமாக மனதில் வைத்திருந்தேன். வந்தவள் என் தோளுக்குத்தான் இருந்தாள். நரைத்த குட்டை முடி, வட்ட முகம், முதுகில் பள்ளிப் பிள்ளை போலப் பை. ஐம்பத்தெட்டு வயதாம். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். இருவருக்கும் அது படித்துத் தெரிந்த மொழி என்பதால் நிறுத்தி நிறுத்திப் பேசினோம், அதனாலேயே நன்றாகப் புரிந்தது.

"சாப்பிட எங்கே போகலாம்?" என்று கேட்டாள். நான் மூன்று பெரிய உணவகங்களின் பெயரை அச்சடித்து வைத்திருந்தேன். அவள் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "நீ எங்கே சாப்பிடுவாய்?" என்றாள்.

ஆபீஸ் பக்கத்தில் நின்றபடி சாப்பிடும் தர்ஷினி ஓட்டல் ஒன்று உண்டு. அங்கே கூட்டிப்போனேன். அக்கி ரொட்டி வாங்கினேன். அரிசி மாவில் வெங்காயமும் சப்சிகே சொப்பு என்கிற சதகுப்பைக் கீரையும் கிள்ளிப் போட்டுத் தட்டிச் சுடுவது. அந்தக் கீரை நூல்நூலாக இருக்கும், வாசனை தூக்கலாக இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள் இது என்ன சோம்பு நாற்றம் என்று பொறுக்கி வைப்பார்கள். அவள் ஒரு வாய் வைத்தாள், மெல்லுவதை நிறுத்தினாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"க்ரபாய்!" என்றாள். "இது க்ரபாய்!"

அவர்கள் ஊரில் இந்தக் கீரை இல்லாமல் சூப் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, கோடைக்காலமே இல்லையாம். ஏழாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து அம்மா வீட்டுத் தோட்டத்து வாசனையைச் சாப்பிடுகிறேன் என்றாள். கல்லாவில் இருந்தவரிடம் போய் அந்தக் கீரையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். நான் கன்னடத்தில் சொன்னேன். அவர் உள்ளேயிருந்து ஒரு கட்டைக் கொண்டுவந்து, பூச்செண்டு கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார். அன்று முழுவதும் அந்தக் கட்டு அவள் பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டே வந்தது.

இதற்குள் மேனேஜருக்குச் செய்தி எட்டிவிட்டது. "மேடம், ஆறு வருஷமா நம்ம பசங்களைப் பாத்துக்கிட்டவங்க. நல்லா கவனிக்கோணும். பெங்களூர்ல பாரம்பரிய லித்துவேனியன் ரெஸ்டாரன்ட் எங்கிருக்குன்னு பார்த்து ஒரு டேபிள் போட்டுருங்க. அவங்களுக்கு ஊர் நெனப்பு வந்துரக் கூடாது."

"சார், அப்படி ஒண்ணு இங்க இல்ல. அதுவுமில்லாம அவங்க நம்ம சாப்பாட்டுக்குத்தான் வந்திருக்காங்க."

"பெங்களூர்ல இல்லாததுன்னு ஒண்ணு இருக்குங்களா மேடம்?" என்று அவரே களத்தில் இறங்கினார். இரண்டு மணி நேரத்தில், எந்த நாட்டுச் சாப்பாட்டையும் சொல்லிவைத்தால் செய்து தருவோம் என்கிற ஓர் உணவகத்தைப் பிடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் போனோம். மேசை மேல் பச்சை, மஞ்சள், சிவப்புக் காகிதக் கொடி. "இது வேறொரு நாட்டுக் கொடியாக இருக்கலாம், வரிசை மாறியிருக்கிறது. பரவாயில்லை" என்று அவள் என் காதில் சொன்னாள். முதலில் பீட்ரூட் சூப் வந்தது. ஜில்லென்று அல்ல, ஆவி பறக்க, மிளகு தூவி, மேலே பனீர்த் துண்டுகள் மிதக்க. கறுப்பு ரொட்டி என்று வந்ததில் ராகி வாசனை அடித்தது. பிறகு சமையல் தலைவரே தன் கையால் செபெலினாயைக் கொண்டுவந்து வைத்தார். நீளமாக, பொன்னிறமாக, எண்ணெயில் பொரித்து, பக்கத்தில் சிவப்புச் சட்னியோடு. நான் அதைப் பார்த்தேன். அது உருளைக்கிழங்கு போண்டா. வேறு எதுவாகவும் இருக்க அதற்கு வழியில்லை.

அவள் ஒன்று சாப்பிட்டாள். இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள். "மிக நன்றாக இருக்கிறது. இதன் பெயர் என்ன?" என்று சமையல் தலைவரிடம் கேட்டாள்.

"செபெலினாய், மேடம்" என்றார் அவர் பணிவாக.

"ஓ" என்றாள் அவள்.

கிளம்பும்போது மேனேஜர் எப்படி இருந்தது என்று கேட்டார். "உண்மையாகச் சொல்கிறேன். இப்படி ஒரு லித்துவேனியச் சாப்பாட்டை நான் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை" என்றாள். மேனேஜர் பூரித்துப்போனார். அந்த வாக்கியத்தை அவர் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் அவள் அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சிரித்துத் தீர்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு உன் சமையலறையைக் கொடு. நிஜமான செபெலினாயைக் காட்டுகிறேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை எங்கள் வீட்டில் நாலு கிலோ உருளைக்கிழங்கு. நாங்கள் மூன்று பேர் தரையில் உட்கார்ந்து துருவினோம். துருவியதைத் துணியில் கட்டிச் சொட்டு நீரில்லாமல் பிழிய வேண்டும் என்றாள். என் கணவர் தன் பழைய வேட்டி ஒன்றைத் தியாகம் செய்தார். பிழியும் வேலையும் அவருக்கே வந்தது. "அந்தம்மா ஊர்ல மோட்டார் கீட்டர் கண்டுபுடிக்கலயா?" என்று முனகிக்கொண்டே முறுக்கினார்.

துருவிக்கொண்டிருந்தபோது அவள் சாதாரணமாகக் கேட்டாள். "எங்கள் ஊரில் உனக்கு எந்த இடம் ரொம்பப் பிடித்தது?"

நான் உருளைக்கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் இந்தக் கேள்வி அவருக்கு நன்றாகவே புரிந்தது. "சொல்லு, சொல்லு" என்று வேட்டியை முறுக்கியபடி சிரித்தார்.

"நான் வந்ததே இல்லை" என்றேன். "உங்கள் ஊருக்கு மட்டுமல்ல, எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லை. நான் எழுதி வைத்திருக்கும் பதினோரு பக்கமும் நீங்கள் சொன்னது."

அவள் துருவுவதை நிறுத்திவிட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். ஆறு வருடமாக ஏமாற்றியதுபோல்தானே? அவள் முகம் மெதுவாகச் சிவந்தது. "நான் அந்த ஹோட்டலில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன்" என்றாள். "ஓர் இரவுகூட அங்கே தங்கியதில்லை. உனக்குச் சொன்ன உணவகங்களில் ஒன்றே ஒன்றில்தான் சாப்பிட்டிருக்கிறேன். உறவுக்காரர் கல்யாணத்தின்போது. அன்றைக்கும் செபெலினாய் ஆறிப்போயிருந்தது."

"பிறகு எப்படி அவ்வளவு துல்லியமாகச் சொன்னீர்கள்?"

"சாப்பிட்டுத் திரும்பி வருகிற விருந்தினர்களின் முகத்தைப் பார்ப்பேன். உங்கள் எஞ்ஜினியர்கள் ரொம்ப உதவினார்கள். அவர்களுக்கு முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது."

நான் இதைத் தமிழில் கணவருக்குச் சொன்னேன். அவர் பிழிவதை விட்டுவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "ஆக, போகாதவ கேட்டா, சாப்பிடாதவ சொன்னா. நடுவுல அந்தப் பசங்க போய்ச் சாப்பிட்டிருக்கானுங்க. நல்ல கம்பெனி" என்றார். அவளுக்கு மொழிபெயர்த்தேன். அவள் சிரித்ததில் துருவி கையை நறுக்கிவிட்டது. நல்லவேளை, கீறல்தான்.

வீட்டில் பாலைத் திரியவைத்துச் செய்த தயிர்க்கட்டியை உள்ளே வைத்துப் பன்னிரண்டு செபெலினாய் பிடித்தாள். அழகாக வந்தன. பெரிய குண்டானில் தண்ணீர் கொதித்தது. ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்தோம். ஐந்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. ஆறாவது நிமிடம் ஒன்று மெல்ல வாயைத் திறந்தது. பிறகு இன்னொன்று. பத்து நிமிடத்தில் குண்டானில் செபெலினாய் என்று எதுவும் இல்லை, கஞ்சிதான் இருந்தது. உங்கள் ஊர் உருளைக்கிழங்கில் தண்ணீர் அதிகம், மாவு குறைவு என்றாள்.  அவள் அம்மா செய்தது ஒருநாளும் உடைந்ததில்லையாம். கையில் கரண்டியோடு அவள் அப்படி நின்றது எனக்குத் தாங்கவில்லை. 

"வடிகட்டித் தாளிச்சுக் கொட்டும்மா" என்றார் என் கணவர். "உள்ள போற சாமான் எல்லாம் நல்ல சாமான்தானே."

வடிகட்டினேன். கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் போட்டு வதக்கி அதைக் கொட்டிக் கிளறினேன். உப்புமாவும் இல்லாமல் பொங்கலும் இல்லாமல் ஏதோ ஒன்றாக வந்தது. அதற்குத் தோதாக அவளுடைய பிங்க் சூப் பிரமாதமாக அமைந்தது. வேகவைத்த பீட்ரூட், வெள்ளரிக்காய், கெட்டி மோர், மேலே தாராளமாகச் சப்சிகே சொப்பு. கணவர் மூன்று கிண்ணம் குடித்துவிட்டு, "பீட்ரூட் பச்சடி சூப்பர்" என்றார்.

"பச்சடி இல்லை. சூப்" என்றாள் அவள்.

"குடிச்சா சூப்பு, தொட்டுக்கினா பச்சடி."

நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக் களைத்துப்போனேன். சாப்பிட்டு முடித்து ரொம்ப நேரம் அந்த வழக்கு நடந்தது. தீர்ப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் அவளை மைசூர் ரயிலில் ஏற்றிவிட்டோம். கட்டிப்பிடித்தாள். அவள் குட்டை என்பதால் அவள் தலை என் தோளில் சரியாகப் பொருந்தியது. என் கணவருக்குக் கை கொடுத்து, அவர் கற்றுக்கொடுத்திருந்தபடி "வர்ட்டா?" என்றாள். ரயில் போனபிறகும் இவர் காலித் தண்டவாளத்தைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருந்தார். 

மதியம் ரிச்சர்ட்ஸ் டவுன் விடுதி அம்மாவிடமிருந்து போன். "உங்க ஃப்ரெண்ட் அடுத்த சனிக்கிழமைக்கு ரூம் போட்டுட்டுப் போயிருக்காங்க. உங்க ரெண்டு பேருக்கும். ஒரு நோட்டும் இருக்கு, படிக்கட்டுமா?" படித்தார். "மற்றவர்களுக்கு ஹோட்டல் பார்த்துக் கொடுக்கிறவர்கள் ஒரு நாளாவது ஹோட்டலில் படுத்துப் பார்க்க வேண்டும். நானும் ஊருக்குப் போனதும் எங்கள் ஹோட்டலில் ஓர் அறை எடுக்கப்போகிறேன். பூத்தொட்டி இருக்கும் அறை."

வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் போய்ப் படுப்பதா என்று கணவர் ஒரு வாரம் நக்கலடித்தார். சனிக்கிழமை காலையில் பார்த்தால், இஸ்திரி போட்ட சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். ஓர் இரவுக்கு மூன்று சட்டை. மகன் வாசல்வரை வந்து, "பத்திரமா போய்ட்டு வாங்க, போனதும் போன் பண்ணுங்க" என்று டாட்டா காட்டினான்.

விடுதியில் அந்தம்மா எங்களைப் புதியவர்களைப்போல வரவேற்றார். பழச்சாறு வந்தது. பெரிய பதிவேட்டை எங்கள் முன்னால் திருப்பிவைத்து, "ரூல் இஸ் ரூல். எழுதுங்க" என்றார். கணவர் பேனாவை வாங்கி, பெயர் எழுதினார். எங்கிருந்து வருகிறீர்கள் என்ற இடத்தில் ஜோகுபாளையம் என்று எழுதினார். அடுத்து எங்கே போகிறீர்கள் என்ற இடத்திலும் ஜோகுபாளையம். வந்த காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"இன்னாம்மா எழுதறது?" என்று என்னிடம் கேட்டார்.

 அந்தம்மா கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் யோசித்து யோசித்து, அழகான கையெழுத்தில் 'சும்மா' என்று எழுதிவிட்டு, கையெழுத்துப் போட்டு, சாவியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கனமாகத்தான் இருந்தது.